பதினொரு குழாயில் ஒரே எச்சில்

அத்தியாயம் 3

முதல் இரண்டு அத்தியாயங்களில் நாங்கள் ஒரு மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே பாஸ்போர்ட் இருக்கிறதா என்று விசாரித்தோம். இருந்தது. படிக்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, நேராக இங்கே வரலாம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஹாலாஸ்யம் சார், அப்புறம் அவருடைய உதவியாளரான நான், தமிழ்வாணி. துப்பறியும் நாவலில் கதாநாயகனுக்குச் சட்டென்று வாயில் நுழைகிற பெயராக இருக்க வேண்டும் என்பது விதி. "நில், நான் ஹாலாஸ்யம்!" என்று சொல்லி முடிப்பதற்குள் குற்றவாளி திருமங்கலம் தாண்டிவிடுவான். நல்லவேளை, இதுவரை எந்தக் குற்றவாளியும் எங்களைப் பார்த்து ஓடியதில்லை.

எங்கள் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. கண்ணாடிக் கதவில் 'ரகசியம் காக்கப்படும்' என்று எழுதியிருக்கிறோம். மாடிப்படி குறுகல் என்பதால் வருகிறவர்கள் கீழே நின்றபடியே தங்கள் ரகசியத்தைக் கத்துவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரியாத ரகசியம் மதுரையில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கூப்பிட்டவர் டாக்டர் பிருந்தா. குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் ஏன் வருகிறது என்று ஆராய்கிறவர். ரிங் ரோட்டுப் பக்கம் இருந்த ஆராய்ச்சி மையத்தில், அவர் மேசைமேல் ஒரு தாங்கியில் பதினொரு பிளாஸ்டிக் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். சிலவற்றில் இருந்தது லேசான ரோஸ் நிறம்.

ஹாலாஸ்யம் சார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கினார். "ஏதோ அபூர்வ மருந்து."

"எச்சில்," என்றார் டாக்டர்.

சார் அதைத் தாங்கியில் வைத்துவிட்டு என் துப்பட்டாவில் கையைத் துடைக்கப் பார்த்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

துப்பறிகிறவர்களிடம் எச்சிலைக் கொடுத்தால் என்ன ஜோக் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே அடித்து முடித்துவிட்டோம். மேலே போகலாம்.

"நோய் வந்த பிள்ளைகளையும் வராத பிள்ளைகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறோம்," என்றார் டாக்டர். "ஒரே ஏரியா, ஒரே வயசு. வீட்டுல பூச்சி மருந்து அடிச்சாங்களா, அப்பா பெயிண்ட் வேலை பாக்குறாரா, அம்மா மாசமா இருந்தப்போ எக்ஸ்ரே எடுத்தாங்களா, சொந்தத்துல கல்யாணமா, எல்லாம் கேப்போம். அப்புறம் மரபணு பாக்க எச்சில். ரத்தம் கேட்டா, நல்லா இருக்கிற பிள்ளையோட அம்மா கதவைச் சாத்திடுவாங்க."

"எச்சில்னா திறப்பாங்களா டாக்டர்?"

"அப்படித்தான் நெனச்சேன். இது வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம், பதினொரு வீட்டுல, நோய் இல்லாத பிள்ளைங்ககிட்ட போன புதன்கிழமை வாங்குனது. அதுல பாதிக்கு மேல பொம்பளப் பிள்ளைங்க. ஆனா சோதனை பண்ணா பதினொண்ணும் ஆம்பளப் பையன். அதுவும் ஒரே பையன்."

"பய நல்ல உழைப்பாளி," என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எச்சில்ல வெள்ளை அணுவும் கலந்திருக்கும். இந்தப் பையனோட அணுவுல குரோமோசோம் எண்ணிக்கை கூடுதலா இருக்கு. நோய் வந்த பிள்ளைங்ககிட்ட நாங்க பாக்குற அதே மாற்றம்."

டாக்டர் தாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எச்சிலை மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது. ரத்தம் பாக்கணும். ஆனா பாக்காம விட முடியாது. சீக்கிரம் வைத்தியம் ஆரம்பிச்சா பெரும்பாலான பிள்ளைங்க பிழைச்சுக்கிறாங்க. இந்த மாற்றம் அதிகமா சின்னப் பிள்ளைங்ககிட்டதான் வரும். அஞ்சாறு வயசுக்குள்ள ஒரு பையன், வண்டியூர்ல எங்கேயோ விளையாடிக்கிட்டு இருக்கான். அவனுக்கு உடம்பு சரியில்லைன்னு அவன் வீட்டுக்கே தெரியாது. எனக்கு அவன் பேர் தெரியாது. கண்டுபிடிச்சுக் குடுங்க."

"எச்சில் வாங்கப் போன ஆள்கிட்டயே கேக்கலாமே?" என்றார் சார்.

"கனகாதானே, கேட்டேன். அம்மாமார் குழாயை உள்ள எடுத்துட்டுப் போய் நிரப்பிக் கொண்டுவந்து குடுத்தாங்கன்னு சொல்றா. கனகா வந்ததுக்கு அப்புறம்தான் அந்த ஏரியாவுல எங்களுக்குக் கதவே திறந்துச்சு. எல்லாக் குழாய்லயும் ஒரே ஆள் எச்சில்னு மட்டும் அவகிட்ட சொல்லிருக்கேன். நோய் விஷயம் சொல்லலை. ஒருத்தருக்குச் சொன்னா தெரு முழுக்கத் தெரியும். பதினொரு அம்மாவும் சாப்பிட மாட்டாங்க. நீங்களும் சொல்லக் கூடாது."

"எங்க கதவுலயே எழுதியிருக்கு," என்றார் சார் பெருமையாக. ஜெராக்ஸ் கடையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சாரின் ஸ்கூட்டியில் வண்டியூர் போய்ச் சேர்ந்தபோது கனகா அக்கா தன் வீட்டு வாசலிலேயே நின்றார். முப்பது வயதிருக்கும். தோளில் மையத்தின் நீலப் பை. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் ஏதாவது பேசிவிட்டுத்தான் போனார்கள்.

"வாங்க சார். வா தங்கச்சி. டாக்டரம்மா போன் பண்ணாக. நான் எல்லா வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறேன்."

வாசலுக்கு உள்ளே பாயில் ஒரு பையன் படுத்துக்கொண்டு போனில் கார்ட்டூன் பார்த்தான். அவருடைய மகன் முத்திருளன், வயது ஐந்து. சாரின் ஹெல்மெட்டைப் பார்த்ததும் எழுந்து வந்து, கேட்காமலே வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"நான் போலீசு. நீ யாரு?"

"நாங்களும் கொஞ்சம் அந்த மாதிரிதான்," என்றார் சார்.

"பொய்யி. துப்பாக்கி எங்க?"

எங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் குடை. பையனின் மூக்கில் சின்னதாக ஒரு வளையம் மின்னியது. எனக்கே மூக்குத்தி கிடையாது, பொறாமையாக இருந்தது. "ஸ்டைலா?" என்று கேட்டேன். "வேண்டுதல்," என்றார் அக்கா. கால் முட்டிக்குக் கீழே அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. "சைக்கிள் பழகுறான்." நான் தலையாட்டினேன். போன வாரம் எங்கள் மாடிப்படியில் உருண்டதில் என் காலில் அதைவிட அதிகம் இருந்தது. பையன் ஹெல்மெட்டோடு திரும்பப் போய்ப் பாயில் படுத்துக்கொண்டான்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் அடுத்ததாக யோசித்தது, அந்த மூக்கு வளையம் எனக்குப் பொருந்துமா என்பதைத்தான். துப்பறியும் உதவியாளர் வேலைக்கு யாராவது விண்ணப்பிக்க நினைத்தால், தகுதி இவ்வளவு போதும்.

சாரின் ஹெல்மெட்டை அவனிடமே விட்டுவிட்டு நடந்தோம். வழியில் அக்கா தன் வேலையைப் பற்றிச் சொன்னார். கேள்விகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"நோய் வந்த பிள்ளைக வீட்டுல மட்டும் கடைசியா ஒண்ணு சொல்லணும். டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது." தெருமுனையில் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டார். "அம்மா, இந்தக் கேள்வியெல்லாம் காரணத்தத் தேடத்தான். உங்ககிட்ட தப்புத் தேட இல்ல. நீங்க செஞ்சதுனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"எதுக்குக்கா அது?"

"எல்லா ஆத்தாளும் ஒரே கேள்வியத்தான் கேக்கும். நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு."

"இதச் சொன்னா அழுகைய நிறுத்திருவாகளா?"

"இல்ல தங்கச்சி. இதச் சொன்ன பெறகுதான் அழுவாக."

முதல் வீடு சீதாலட்சுமி அம்மாளுடையது. சௌராஷ்டிரக் குடும்பம், சுங்குடிச் சேலை வியாபாரம். உள்ளே யாரிடமோ தங்கள் மொழியில் இரண்டு வார்த்தை சொன்னார், நாங்கள் உட்காருவதற்குள் காபி வந்துவிட்டது.

"எம்மவதான் துப்புனா. குழாய் நெறையத் துப்புனா," என்றார். சொல்லிவிட்டுக் கனகா அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

மகள் காவ்யஸ்ரீக்கு நான்கு வயது. ஹாலாஸ்யம் சார் அவள் முன்னால் மண்டியிட்டார். "பாப்பா, எப்படித் துப்புனேன்னு மாமாக்குச் செஞ்சு காட்டு."

குழந்தை யோசித்தது. சாரின் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தூ, தூ, தூ" என்று மூன்று முறை அதில் துப்பியது. பிறகு அந்தக் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்தது.

"எங்கேம்மா கூட்டிட்டுப் போறே?"

"இப்ப இத அடுப்புல போடணும்."

சீதாலட்சுமி அம்மாள் பாய்ந்து வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். சார் கையைத் தூக்கிப் பிடித்தபடியே வெளியே வந்தார். அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டிலும் "தூ, தூ, தூ". மூன்று வீட்டுக்குப் பிறகு சாரின் கையைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் ஆனது. எங்கள் துப்பறியும் நிலையத்தின் வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை சாட்சிகள் வாய் திறந்தது அன்றுதான்.

"பயலுக்குச் சோறு குடுத்துட்டு வாரேன் சார். நீங்க டீ குடிச்சுக்கிட்டு இருங்க," என்று கனகா அக்கா வீட்டுக்குப் போனார்.

தெப்பக்குளத்துச் சுவரோரம் ஒரு டீக்கடை. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். நாவலில் வருகிற துப்பறிபவர்கள் இந்த இடத்தில் புகையை வளையம் வளையமாக விடுவார்கள். சாருக்குத் தூசியே ஆகாது. தும்மினார்.

"வாணி, பிள்ளைக்குக் கண் பட்டா உன் வீட்டுல என்ன பண்ணுவாங்க?"

"உப்பு, மிளகா, தெருமண்ணு எடுத்துச் சுத்துவாக. அதுல மூணு தடவ துப்பச் சொல்லி அடுப்புல…" நான் பாதியில் நிறுத்தினேன்.

"அடுப்புல போட்டு எரிப்பாங்க. திருஷ்டி அந்த எச்சிலோட வெடிச்சுப் போயிடும். அந்தப் பிள்ளைங்களுக்குத் துப்புறதுன்னா அது ஒண்ணுதான் தெரியும். குழாயில துப்புனதே இல்ல. எரிக்க வேண்டிய எச்சிலை மூடி போட்டு ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கணும்னா எந்த அம்மா குடுப்பா?"

"திருஷ்டிய டெபாசிட் பண்ணுன மாதிரி ஆயிரும்."

"அதேதான். பதினொரு பேரும் குடுக்கலை. இப்ப பொய் சொல்றாங்க. யாரையோ காப்பாத்தத்தான் சொல்றாங்க."

"அப்ப, துப்புனது யாரு?"

"அதுக்கு முன்னாடி, ஒரு ஆளால பதினொரு குழாய் துப்ப முடியுமா? நீ துப்பிப் பாரு."

"நானா?"

"உதவியாளர்னா சும்மாவா?"

காலியான டீ கிளாஸில் நான் துப்பினேன். இரண்டாவது குழாய் அளவுக்கே என் வாய் சித்திரை மாதத்துக் கண்மாய் போல ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் அந்தக் கிளாஸை எடுத்துக் குப்பையில் போட்டார். என்னையும் அதே பார்வைதான் பார்த்தார்.

"அஞ்சு வயசுப் பையனால ஒரே நாள்ல முடியாது சார். பல நாளு துப்பிருக்கான்."

"ஆனா குழாய் வீடுகளுக்குப் போனது, மையத்துக்கு வந்தது, எல்லாம் புதன்கிழமை ஒரே நாள்." சார் நெற்றியைத் தேய்த்தார். அதாவது, அவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூங்கில் கம்பின் உச்சியில் ஒரு பொம்மை கைதட்டிக்கொண்டே வந்தது. கம்பில் சுற்றியிருந்தது ஜவ்வு மிட்டாய், நல்ல ரோஸ் நிறம்.

நானும் சாரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். பெஞ்சு கவிழ்ந்தது. டீக்கடைக்காரர் எங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

மிட்டாய்க்காரர் பெயர் ஆண்டிச்சாமி. "தாயிக்கு என்ன வேணும்? மயிலா, வாச்சா?"

"வாட்ச்," என்றேன். விசாரணைக்காகத்தான். அவர் மிட்டாயை இழுத்து, முறுக்கி, என் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தை ஒட்டினார்.

"அண்ணே, போன புதன்கிழமை இந்தப் பக்கம் யாருக்கு வித்தீங்க?" என்றார் சார்.

"புதன்கிழமையா? நான் இங்க சனி, ஞாயிறு மட்டுந்தாண்ணே. மத்த நாளு அழகர்கோவில். அங்கதான் கூட்டம்."

"வேற ஜவ்வு மிட்டாய்க்காரர் வருவாங்களா?"

"வந்தா இந்தப் பொம்ம சும்மா விடுமா?"

சாரின் முகம் மாறியது. என்னை ஓரமாக இழுத்துப் போனார். "ரோஸ் எச்சில் சனி ஞாயிறுல துப்புனது. குழாய் வீடுகளுக்குப் போனது புதன். அப்ப சனி ஞாயிறுல அந்தக் குழாய் எல்லாம் எங்க இருந்தது?"

எனக்குத் தோளில் தொங்கிய நீலப் பை ஞாபகம் வந்தது.

"கனகா அக்காகிட்ட," என்றேன். சொல்லும்போதே வாய் வறண்டது. இந்த முறை துப்பியதால் அல்ல.

சார் திரும்பி ஆண்டிச்சாமியிடம் போனார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றார். "அண்ணே, கனகா வீட்டுப் பையன் உங்ககிட்ட வாங்குவானா?"

"மூக்கன்தானே? அவன் நம்ம பயலாச்சே! வாச்சைக் கட்டிக்கிட்டுக் கடிக்கவே மாட்டான், நக்கி நக்கியே தீப்பான். ஆனா ரெண்டு மூணு வாரமாப் பயலைத் தெருவுலயே காணோம். அவுக ஆத்தாதான் வந்து வாங்கிட்டுப் போகுது."

"நம்ம பயன்னா?"

"சட்டப்படி நம்ம பயதான்!" ஆண்டிச்சாமி சிரித்தார். "கனகாவுக்கு அவனுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை தங்கல. இவன் பெறந்ததும் மாரியம்மன் கோயில் வாசல்ல வச்சு என் சம்சாரத்துக்குத் தவிட்டுக்கு வித்துருச்சு. ஒரு படி தவிடு குடுத்து நாங்க வாங்கி, மூக்கக் குத்தி, திரும்ப வளக்கக் குடுத்தோம். விலைக்கு வித்த பிள்ளையில்ல? எமனோ, கண்ணேறோ, தேடி வந்தா அந்த வீட்டுல அவுக பிள்ளையே இல்ல. ஏமாந்து போயிரும்."

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. என் கண்ணில் அந்த நீலக் கன்றல்கள் மட்டும் தெரிந்தன. சைக்கிள் பழகுகிறானாம். அந்த வீட்டு வாசலில் சைக்கிளே இல்லை. அதைக் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

நாங்கள் போனபோது அக்கா மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வாயருகே வந்த உருண்டையைப் பார்த்துத் தலையைத் திருப்பினான்.

எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, "குற்றவாளி இந்த அறையில்தான் இருக்கிறார்" என்று சொல்ல வேண்டும் என்பது ஹாலாஸ்யம் சாரின் நீண்ட நாள் ஆசை. இப்போது அறையும் இருந்தது, குற்றவாளியும் இருந்தார். சார் தொண்டையைச் செருமினார். பிறகு கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜவ்வு மிட்டாய், அக்கா," என்றேன் நான். வாட்ச் ஒட்டிய கையை நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பார்த்தார். சோற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

"கண்டுபிடிச்சுட்டீகளா? நான்தான் சார். பதினொரு பேரும் மாட்டேன்னுட்டாக. நானும் பேசிப் பேசிப் பாத்தேன். நல்லா இருக்கிற பிள்ளைக இல்லாட்டி இந்த ஏரியாவையே கணக்குல இருந்து எடுத்துருவாகளோன்னு பயம். நோய் வந்த வீட்டுல எல்லாம் என்னையப் பாக்கும்போதெல்லாம் கேப்பாக, காரணம் தெரிஞ்சுச்சா கனகான்னு. அவுகளுக்கு என்ன பதில் சொல்ல? அதான் இவனை விட்டு… தினம் கொஞ்சம். புளிப்பக் காட்டுனேன், மிட்டாய் வாங்கிக் குடுத்தேன்."

"பச்சைப் பிள்ளைய எம்புட்டுத் துப்ப விட்டாங்க தெரியுமா!" என்றான் முத்திருளன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"மத்தவுக பயந்தாங்களே. உங்களுக்குப் பயமில்லையா அக்கா?"

"எனக்கென்ன பயம்? இவன் என் பிள்ளையே இல்லையே. வித்தாச்சு. மத்தவுக பிள்ளைக்கு ஆகாதது இவனைத் தொடாது." அக்கா சாரைப் பார்த்தார். "டாக்டரம்மாகிட்ட சொல்லிருவீகளா சார்? வேலை போயிருமா?"

சார் பேசவில்லை. நானும் பேசவில்லை. கதவில் எழுதியதைக் கடைப்பிடித்த முதல் நாள் அது. ஆனால் முகத்தில் கதவு கிடையாதே.

"ஏன் சார் ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீக? தப்புப் பண்ணுனது நானு. நீங்க என்னையப் பாக்காம அவனையில்ல பாக்குறீக?"

கேட்ட பிறகு அக்காவும் திரும்பி அவனைப் பார்த்தார். முதலில் முகத்தை. பிறகு மெதுவாகக் காலை. ஹெல்மெட்டைக் கழற்றினார், நெற்றியில் கை வைத்தார், காதுக்குப் பின்னால் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அம்மாக்கள் அறிகுறிகளைச் சொல்லக் கேட்டுக் கேட்டுப் பழகிய விரல்கள். யாரும் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் துப்பறியத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"குழாய்ல என்ன இருந்துச்சு தங்கச்சி?" என்றார்.

"ரத்தம் பாத்தாத்தான் தெரியுமாம். இப்பவே பாக்கணுமாம்."

"காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு. ஒரு நா ராவு எனக்கே தோணுச்சு. தவிட்டுக்கு வித்த பிள்ளை, அவனுக்கு வராதுன்னுட்டுப் படுத்துட்டேன்."

சார் ஸ்கூட்டியை எடுத்தார். பையன் மறுபடி ஹெல்மெட்டோடு முன்னால் நின்றான், அக்கா பின்னால் உட்கார்ந்தார். நான் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனேன். துரத்தல் காட்சி இல்லாத குறை வாசகர்களுக்கு வேண்டாம். ஹாலாஸ்யம் சார் வாழ்க்கையில் முதல் முறையாக நாற்பதைத் தாண்டி ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது முத்திருளன் நர்ஸிடம் ஒன்று மட்டும் கேட்டான். "துப்பணுமா?" இல்லை என்றதும் நிம்மதியாகக் கையை நீட்டினான். ஊசியைப் பார்த்த பிறகுதான் ஏமாந்தது புரிந்தது. அவன் அலறியது மதுரையில் பாதிக்காவது கேட்டிருக்கும். நான் என் ஜவ்வு மிட்டாய் வாட்சைக் கழற்றி அவன் கையில் ஒட்டினேன். அதில் என் கைமுடி நாலைந்து வந்துவிட்டது.

டாக்டர் பிருந்தா மாலையில் வெளியே வந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"இருக்கு கனகா. ஆனா ஆரம்பம்தான். இன்னைக்கே சேத்துடலாம். நீண்ட வைத்தியம், ஆனா நல்லாகுற வாய்ப்புதான் அதிகம். இன்னும் சில மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். உன் குழாய்தான் அவனைக் காட்டிக் குடுத்துச்சு." பிறகு, டாக்டராக இல்லாமல் மேலதிகாரியாக, மெல்லச் சொன்னார். "ஆனா பதினொண்ணையும் கொட்டணும். உனக்கே தெரியும்."

கனகா அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தைக் கொட்டுங்க டாக்டரம்மா," என்றார். "ஒண்ணை வச்சுக்கங்க. அது சரியான குழாய்தான். வைக்க வேண்டியது நோய் வந்த பிள்ளைக பக்கம், அம்புட்டுத்தான்."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சார் தும்மினார், அல்லது தும்முவது போல ஏதோ செய்தார்.

"அப்ப கேள்வியும் கேக்கணும்ல?" அக்கா நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலே ஆரம்பித்தார். "வீட்டுல பூச்சி மருந்து அடிச்சீகளா? அடிச்சேன். கரப்பான் தொல்லை. வீட்டுக்காரர் என்ன வேலை? கப்பலூர்ல ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறாரு. அந்தச் சட்டைய நான்தான் துவைப்பேன், மாசமா இருக்கும்போதும் துவைச்சேன். எக்ஸ்ரே? பல்லுக்கு ஒரு தடவ எடுத்தேன். சொந்தத்துல கல்யாணமா? ஆமா, மாமன் மகன்."

கேள்விகள் வரிசையாக வந்தன. அவரே கேட்டார், அவரே பதில் சொன்னார். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை. கடைசிக் கேள்வியும் முடிந்தது. அடுத்ததாகச் சொல்ல வேண்டிய அந்த வாக்கியம் வர வேண்டிய இடத்தில் அக்காவின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றார்.

நான் ஹாலாஸ்யம் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார். வாய் கிழியப் பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். அந்த நேரம் பார்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், அவர் தெருமுனையில் நின்றது போலவே கையைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா," என்று ஆரம்பித்தேன். குரல் கீச்சென்று வந்தது. "இந்தக் கேள்வியெல்லாம் காரணத்தத் தேடத்தான். உங்ககிட்ட தப்புத் தேட இல்ல. நீங்க செஞ்சதுனாலதான் வந்துச்சுன்னு…"

நடுவில் மறந்துவிட்டது.

"யாராலயும்," என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார் கனகா அக்கா.

"யாராலயும் சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அழுதார்.